பருத்தியும் கெளுத்தியும்

அன்புள்ள சார்,

அமெரிக்கக் கறுப்பினப் பால்புதுமைக் கலைஞர்களின் (தன்பாலீர்ப்பு போல, ஆண்-பெண் வழக்கத்துக்குள் அடங்காதவர்கள்) நெசவு மனக்காயத்தை ஆற்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அடிமைகளை அடித்துப் பறிக்கவைத்த பருத்தி எப்படி ஆறுதல் தரும்? அதில் பால் அடையாளம்தான் எங்கே வருகிறது?

ர.

அன்புள்ள ர.,

பருத்தி என்பதால்தான் ஆறுதல். நெசவுக் கலைஞர் டீட்ரிக் பிராக்கென்ஸ் 1989இல் டெக்சஸ் மாநிலத்தின் மஹேயா என்ற சிற்றூரில் பிறந்தவர். கம்பளி, பட்டு என்று எத்தனையோ நூல்கள் இருக்க, அவர் பருத்தியைத்தான் எடுக்கிறார். தானே சாயமேற்றுகிறார்; தேநீரும் ஒயினும்கூட அவருக்குச் சாயம். முன்னோர்கள் சவுக்கடிக்குப் பயந்து பறித்ததை, யாரும் ஏவாமல், தன் இஷ்டத்துக்குத் தறியில் ஏற்றுகிறார். அவர்களுக்குச் செய்யும் மரியாதை இது.

அப்புறம் அவர் ஊர் ஏரியின் கதை. டெக்சஸ் அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி வந்தது 1865 ஜூன் 19இல். 1981இல் அதே நாளை மஹேயா ஏரிக்கரையில் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கஞ்சா வைத்திருந்ததாக மூன்று கறுப்பின இளைஞர்களைப் பிடித்து அதிகாரிகள் படகில் ஏற்றினார்கள். படகு கவிழ்ந்தது. அதிகாரிகள் பிழைத்தார்கள், பிள்ளைகள் மூவரும் மூழ்கிப்போனார்கள். வழக்கிலும் அதிகாரிகளுக்கு விடுதலை.

இந்தச் சாவை பிராக்கென்ஸ் 2018இல் நெய்தார். கரிய மனித உருவங்கள், கூடவே கெளுத்தி மீன்கள். அந்தக் கெளுத்திகள்தான் மூன்று இளைஞர்களும். ஏரி விழுங்கியவர்களை ஏரியிலேயே வாழவிட்டிருக்கிறார். தீர்ப்பு மாறவில்லை, சரி. ஆனால் தண்டனை வாங்கித் தர முடியாத ஒருவர் இறந்தவர்களுக்காக வேறென்ன செய்ய முடியும்? வரிவரியாக ஊடை (குறுக்கு நூல்) ஓட்டி ஒரு உருவம் எழும்பப் பல நாள் ஆகும். அத்தனை நாளும் அவர்களோடு இருந்திருக்கிறார். நான் ஆறுதல் என்று எழுதியது இதைத்தான்.

பால் அடையாளம் கேட்டீர்கள். அமெரிக்கச் செய்திகளில் கறுப்பின ஆண் உடல் பெரும்பாலும் மிரட்டலாகவோ பிணமாகவோதான் வருகிறது. பிராக்கென்ஸின் ஆண்கள் ஒருவரையொருவர் தாங்குகிறார்கள், தொடுகிறார்கள். முகம் கிடையாது, கருநிழல்கள்தான். ஆனாலும் அந்த நெருக்கத்தில் ஒளிவுமறைவே இல்லை. தன்பாலீர்ப்புள்ள ஒரு கறுப்பின இளைஞன் இதன் முன்னால் நின்றால் தன்னைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சிகாகோவின் கறுப்பினக் கலைஞர் நிக் கேவ் இதற்கு நேர் எதிர்த்திசையில் போனவர். ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலஸ் போலீசார் அடித்ததற்குப் பிறகு, 1992இல், சுள்ளிகளைக் கோத்து உடல் முழுக்க மூடும் ஓர் உடை செய்தார். போட்டுக்கொண்டால் நிறமும் தெரியாது, ஆணா பெண்ணா என்றும் தெரியாது. அசைந்தால் சத்தம் வரும். அவருக்கு மறைவு தேவைப்பட்டது. இருவரில் எனக்கு நெருக்கமானவர் பிராக்கென்ஸ்தான். நீங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.