கரியபோளம், சுக்கு, சோப்பு: ஒரு கினி மதிப்புள்ள மாத்திரை

அன்புள்ள ஐயா,

விருதுநகரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு இப்போது நான்தான் கல்லாவில் உட்காருகிறேன். சுவரில் மாட்டலாமே என்று பழைய ஆங்கிலேய விளம்பரத் தகடுகளின் நகல்களை இணையத்தில் தேடினேன். விக்டோரியா ராணி காலத்து விளம்பரங்களில் பாதி, வயிற்றைப் பற்றியே இருக்கின்றன. பித்தம், வாயு, மலச்சிக்கல், அஜீரணம். பீச்சம்ஸ் மாத்திரை 'ஒரு பெட்டி ஒரு கினி பெறும்' என்கிறது. கோகோ, பிஸ்கட் எல்லாம்கூட மருந்து மாதிரிப் பேசுகின்றன. அந்தக் காலத்து ஜனங்களுக்குப் படிப்பறிவு இல்லை, சட்டமும் இல்லை, அதனால் ஏமாந்தார்கள் என்று நினைக்கிறேன். சரிதானா? என் கடையிலும் ஈனோ சரம் பிஸ்கட் பக்கத்தில்தான் தொங்குகிறது. இந்தக் கூட்டணி எப்படி வந்தது? அப்புறம், டைஜெஸ்டிவ் பிஸ்கட்டுக்கும் ஜீரணத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

தேன்மொழி

அன்புள்ள தேன்மொழி,

படிப்பறிவு இல்லாதவர்கள் ஏமாந்தார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த விளம்பரங்கள் பெரும்பாலும் வந்தது பத்திரிகைகளில். பிரிட்டனில் விளம்பர வரி 1853இல் போனது, பத்திரிகை முத்திரை வரி 1855இல் போனது, காகித வரி 1861இல் போனது. ஒரு பென்னிக்கு நாளிதழ் கிடைக்க ஆரம்பித்தது. நாடாளுமன்றச் செய்தியை வாசித்த அதே ஆள்தான் அடுத்த பத்தியில் மாத்திரை விளம்பரத்தையும் வாசித்தார். சொல்லப்போனால் அவர்களுக்கு விவரம் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்திருந்தது. விற்றவர்கள் பயன்படுத்திக்கொண்டது அந்த விவரத்தைத்தான்.

என்ன விவரம்? சாப்பாட்டில் கலப்படம் இருக்கிறது என்ற விவரம். 1851 முதல் 1854 வரை 'லான்செட்' மருத்துவ இதழில் ஆர்தர் ஹில் ஹசல் என்ற மருத்துவர் லண்டன் கடைச் சாமான்களை நுண்ணோக்கியில் பார்த்து எழுதிக்கொண்டே வந்தார். ரொட்டியில் படிகாரம், மிளகாய்த்தூளில் ஈயச் செந்தூரம், காபியில் சிக்கரி. (சிக்கரிக்கு நாம் தெரிந்தே காசு கொடுக்கிறோம், அது வேறு.) விற்ற கடையின் பெயரையும் முகவரியையும் சேர்த்தே அச்சிட்டார்கள் என்பதுதான் விசேஷம். அதற்கப்புறம் 1858இல் பிராட்ஃபோர்டில் ஒரு விபத்து நடந்தது. சர்க்கரை விலை அதிகம் என்று மிட்டாயில் ஜிப்சம் பொடி கலப்பது அங்கே வழக்கம். மருந்துக் கடையில் ஜிப்சம் என்று நினைத்து ஆர்செனிக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஏறத்தாழ 20 பேர் செத்துப்போனார்கள், 200 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். இதையெல்லாம் பேப்பரில் படித்த ஒரு குடும்பத் தலைவி மளிகைக் கடைக்குப் போனால் எதைத்தான் நம்பி வாங்குவார்?

அந்தப் பயத்துக்குக் கைகொடுத்தவர்கள் பெரிய வியாபாரிகள் ஆனார்கள். ஹார்னிமன் 1826லேயே தேயிலையைப் பொட்டலம் கட்டி மூடி விற்க ஆரம்பித்திருந்தார். மற்றவர்களின் தேயிலையில் சாயம் பூசியிருக்கிறது, எங்களுடையதில் இல்லை என்பதுதான் அவர்களுடைய பேச்சு. தேயிலைக்கு நீலச் சாயம் பூசுவது உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது, அதனால் அந்தப் பேச்சு எடுபட்டது. கேட்பரி 1866இல் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுத்துத் தூளாக விற்றது. அதற்கு முன்பு கொழுப்பை உறிஞ்சுவதற்காக மாவு கலப்பது எல்லோரும் செய்தது, கேட்பரியும் செய்ததுதான். புதுச் சரக்கு வந்ததும் விளம்பரம் 'முழுக்கச் சுத்தம், அதனால் சிறந்தது' என்று மாறியது.

கிளாஸ்கோவின் மளிகைக்காரர் தாமஸ் லிப்டன் வேறு ரகம். 1871இல் முதல் கடை திறந்தவர். பன்றிகளைத் தெருவில் ஊர்வலம் விட்டார். 1881 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவிலிருந்து ராட்சதப் பாலாடைக்கட்டி ஒன்றை இறக்கி, உள்ளே தங்கக் காசுகளைச் சொருகி வெட்டி விற்றார். 1890இல் இலங்கைக்குப் போய்த் தோட்டங்கள் வாங்கினார், அப்புத்தளைப் பக்கத்து தம்பேதென்ன அதில் ஒன்று. தேயிலைத் தோட்டத்திலிருந்து நேராக டீ பாட்டுக்கு என்பது அவருடைய வாசகம். இடையில் கை இல்லை, எனவே கலப்படமும் இல்லை என்று அர்த்தம். படங்களில் கொழுந்து பறித்த பெண்கள் நம் ஆட்கள், அதாவது தமிழ்நாட்டிலிருந்து போன தோட்டத் தொழிலாளர்கள். அந்த 'நேராக' என்ற கணக்கில் அவர்களுடைய கூலி வரவில்லை.

இனி வயிற்றுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் 'ரெவலென்டா அராபிகா'. லண்டன் ரீஜென்ட் தெருவில் டு பாரி கம்பெனி விற்ற ஒரு மாவு. கஞ்சி மாதிரிக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். அஜீரணம், மலச்சிக்கல், வாயு, நரம்புத் தளர்ச்சி, இருமல், ஆஸ்துமா எல்லாவற்றுக்கும் இதுவே போதும், மருந்தே வேண்டாம் என்றது விளம்பரம். அதன் விலையைப்போல ஐம்பது மடங்கு பணம் மருந்துச் செலவில் மிச்சமாகும் என்று கணக்கு வேறு சொன்னது. குணமானவர்களுக்கு வரிசை எண் போட்டிருந்தார்கள். எண் 71 ஒரு பிரபு. எண் 49,832 நார்ஃபோக் பக்கத்துப் பெண்மணி ஒருவர், ஐம்பது வருஷ அஜீரண வேதனை தீர்ந்துவிட்டதாம். இந்த எண்களை யோசித்தவரை நான் மெச்சுகிறேன். ஒரு பதிவேடு இருக்கிறது, குமாஸ்தா ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார் என்று படிப்பவருக்குத் தோன்றிவிடுமே!

ஹசல் அதையும் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தார். இருந்தது சிவப்புப் பயறு மாவும் பார்லி மாவும். சிவப்புப் பயறு என்றால் உங்கள் கடையில் மைசூர்ப் பருப்பு என்று நீங்கள் அளந்து போடுவதுதான். ஒரு பவுண்டு எடை 2 ஷில்லிங் 9 பென்ஸ் என்று விற்றார்கள் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). சாதாரணப் பயறு மாவுக்கு நினைத்துப் பார்க்க முடியாத விலை. உண்மை வெளியே வந்த பிறகும் விற்பனை நிற்கவில்லை, பல வருஷம் ஓடியது.

ஏன் நிற்கவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமான இடம். வெள்ளை ரொட்டி, இறைச்சி, டீ என்று தின்றுவிட்டு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு நகரவாசி, தினமும் பருப்புக் கஞ்சி குடிக்க ஆரம்பித்தால் அவருக்கு மலச்சிக்கல் குறையத்தான் செய்யும். அவர் எழுதிய நன்றிக் கடிதம் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சரக்கு வேலை செய்தது. பெயரும் விலையும் ஆஸ்துமாவும்தான் புளுகு.

பீச்சம்ஸ் கதையும் அதேதான். தாமஸ் பீச்சம் 1820இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பிறந்தவர், சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். சந்தைகளில் மாத்திரை விற்று, விகனுக்குப் போய், கடைசியில் செயின்ட் ஹெலன்ஸில் ஊன்றினார். 1859இல் உள்ளூர்ப் பத்திரிகையில் அந்தக் கினி வாசகம் வந்தது. ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். பெட்டி விற்றது 1 ஷில்லிங் ஒன்றரை பென்னிக்கு. அதாவது வாங்குகிறவருக்குக் கிட்டத்தட்ட இருபது ஷில்லிங் லாபம் என்று தோன்ற வேண்டும். 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இந்த மாதிரி ரகசிய மருந்துகளைப் பிரித்துப் பார்த்துப் புத்தகமாகவே போட்டது. பீச்சம்ஸில் இருந்தவை கரியபோளம் (காய்ந்து இறுகிய கற்றாழைச் சாறு), சுக்குத்தூள், சோப்பு. நாட்டுமருந்துக் கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் ஒரு நடை போய் வந்தால் எல்லாம் கிடைத்துவிடும். 56 மாத்திரைக்கான சரக்கின் அடக்க விலை அரைக்கால் பென்னி, அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. விற்ற விலை அதைப்போல நூறு மடங்குக்கு மேல்.

ஆனால் கரியபோளம் நல்ல பேதி மருந்து. ராத்திரி போட்டால் காலையில் பலன் தெரியும். காய்ச்சலுக்கோ காசநோய்க்கோ அன்று வைத்தியர் கொடுத்த பலவற்றில் எந்தப் பலனும் கண்ணுக்குத் தெரியாது. இது தெரிந்தது. அப்புறம் விளம்பரத்தின் பட்டியலைப் பாருங்கள்: வாயு, வயிற்றுவலி, தலைவலி, தலைசுற்றல், சாப்பிட்டதும் வயிறு உப்புதல், தூக்கமின்மை. இதில் ஒன்றாவது இல்லாத மனிதர் யார்? மலம் கழிந்தால் தலைவலி போகும் என்று நம் பாட்டிகளும் சொல்லியிருக்கிறார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அந்தக் கொஞ்ச உண்மையில் ஏறி நின்றுகொண்டு மீதியைச் சொன்னார்கள். விக்டோரியா காலத்தின் கடைசியில் அந்தக் கம்பெனி விளம்பரத்துக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பவுண்டு கொட்டியது.

இந்தப் பேதிப் பணம் போன இடங்கள் வேடிக்கையானவை. அதே காலத்து இன்னொரு மாத்திரை வியாபாரி தாமஸ் ஹாலோவே பெண்களுக்கு ஒரு கல்லூரி கட்டினார். 1886இல் விக்டோரியா ராணியே வந்து திறந்துவைத்தார், இன்றும் நடக்கிறது. பீச்சமின் பேரன், அவர் பெயரும் தாமஸ்தான், லண்டனின் பெரிய இசைக்குழுக்களில் இரண்டை நிறுவிய இசை நடத்துநர்.

கடைக்கு வருகிறேன். 1868இல் வந்த மருந்தக சட்டம் விஷச் சரக்குகளைப் பதிவுபெற்ற மருந்துக்காரர்தான் விற்கலாம் என்றது, ஆனால் பேட்டன்ட் மருந்துகளுக்கு, அதாவது பீச்சம்ஸ் மாதிரிக் கம்பெனிப் பெயரில் விற்ற ரகசிய மருந்துகளுக்கு, விலக்கு கொடுத்தது. அவற்றை விற்க ஒரு லைசென்ஸ் போதும். 1875 முதல் அதற்கு ஆண்டுக்கு வெறும் 5 ஷில்லிங். மளிகைக்காரர் கட்டிவிட்டு மாத்திரையைச் சோப்புப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டார். ஒவ்வொரு பெட்டியிலும் அரசாங்க வரி முத்திரை ஒட்டியிருக்கும். அந்த ஒரு ஷில்லிங் பெட்டியின் விலையில் வாலாகத் தொங்கும் ஒன்றரை பென்னி அந்த வரிதான். அரசாங்கமே சர்ட்டிபிகேட் கொடுத்த மாதிரி அது தெரிந்தது, விற்றவர்களும் அப்படித் தெரியட்டும் என்றே விட்டார்கள்.

சட்டம் இல்லை என்றீர்கள். இருந்தது, அதுதான் கொடுமை. 1875இல் உணவு, மருந்து விற்பனைச் சட்டம் வந்தது. கடுகுத்தூளில் சொல்லாமல் மாவு கலந்து விற்றால் தண்டனை. அதே சட்டத்தில் தனியுரிமை மருந்துகளுக்கு விலக்கு. மளிகைக்காரர் கடுகுக்குப் பதில் சொல்ல வேண்டும், மாத்திரைக்காரர் எதற்கும் வாய் திறக்க வேண்டாம். இதை விசாரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று 1912இல் உட்கார்ந்து, 1914 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. அந்த மாதம்தான் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது, அறிக்கையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டியில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் 1941இல்தான் வந்தது. வரி முத்திரை ஒழிந்ததும் அப்போதுதான்.

உங்கள் ஈனோவும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். நியூகாசிலில் மருந்துக் கடை வைத்திருந்த ஜேம்ஸ் கிராஸ்லி ஈனோ, துறைமுகத்துக்கு வரும் மாலுமிகளுக்குக் கொடுத்துப் பெயர் வாங்கினார். பழ உப்பு என்று பெயர், இருப்பது ஆப்பசோடாவும் பழப் புளிப்பு அமிலங்களும். அவருடைய விளம்பரங்கள் பிரசங்கம் மாதிரி நீளும். இந்த எளிய முன்னெச்சரிக்கை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து கூடும் என்றன. பாட்டிலின் மூடியைச் சோதித்துப் பாருங்கள், ஈனோ என்று இல்லாவிட்டால் போலிச் சரக்கு என்றும் எச்சரித்தன. கலப்படப் பயத்தை மருந்துக்காரரும் கடன் வாங்கிக்கொண்டார், பாருங்கள். உங்கள் கடையில் தொங்கும் சரத்தில் ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். ஸ்வர்ஜிக்ஷாரம், நிம்புகாம்லம் என்று இருக்கும். முன்னது சோடா, பின்னது சிட்ரிக் அமிலம். இந்தியாவில் அது ஆயுர்வேத மருந்துக் கணக்கில் வருகிறது, அந்த வகையை விற்கும் கடைக்கு மருந்து லைசென்ஸ் தேவையில்லை. பிஸ்கட் பக்கத்தில் அது வந்து சேர்ந்த வழி அதுதான். எப்போதாவது நெஞ்செரிச்சலுக்கு நல்ல சாமான், நான் குறை சொல்லவில்லை. ரத்த அழுத்தக்காரர்கள் தினமும் கேட்டு வந்தால் மட்டும் அதில் சோடியம் நிறைய என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

கடைசியாக பிஸ்கட். மெக்விட்டீஸ் கம்பெனியில் அலெக்ஸாண்டர் கிராண்ட் 1892இல் உருவாக்கிய செய்முறைதான் இன்று பிரபலமாக இருப்பது. அதற்கு முன்பே அந்தப் பெயரில் பிஸ்கட்டுகள் இருந்தன. மாவில் போடும் சமையல் சோடா வயிற்றுப் புளிப்பை அடக்கும் என்று நம்பினார்கள். சோடா அடுப்புச் சூட்டிலேயே பெரும்பாலும் வேலையை முடித்துவிடுகிறது, வயிற்றுக்குப் போய்ச் செய்ய அதிகம் மிச்சமில்லை. தவிடு கொஞ்சம் இருக்கிறது, சர்க்கரையும் கொழுப்பும் அதைவிடக் கூடவே இருக்கின்றன. டீயோடு நன்றாக இருக்கும், நானும் சாப்பிடுகிறேன். ஜீரணத்துக்கு என்று கேட்டு வருகிறவருக்கு ஓமத்தை எடுத்துக் கொடுங்கள், விலையும் குறைவு.