பெங்களூர்க் குளிரில் பொங்காத மாவு

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம், வயது 28. பீன்யாவில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை, ராஜாஜி நகரில் வாடகை வீடு. நல்ல சாப்பாடு என்றால் எவ்வளவு தூரமானாலும் போய்விடுவேன். பெங்களூருக்கு வந்த 3 ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளில் சாப்பிட்டு, எங்கே எது நன்றாக இருந்தது, எந்தக் கடைச் சாம்பாரில் வெல்லம் தூக்கலாக இருந்தது, எதில் பட்டை வாசம் வந்தது என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 6 மாதங்களுக்கு முன் விடுதியை விட்டுத் தனி வீட்டுக்கு வந்ததும் சமைக்கத் தொடங்கினேன். டிசம்பர் கடைசியில் நண்பர்கள் இருவரையும், மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவையும் காலை உணவுக்கு அழைத்தேன். அம்மா சொன்ன அளவில்தான் மாவு அரைத்தேன். இட்லி கல்லாக வந்தது. நண்பர்கள் சிரித்தார்கள், அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் ஒரு தூக்குவாளி நிறையக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். தோலுரித்த பச்சைப் பருப்பு ஒன்றைப் போட்டு, தேங்காயும் பட்டையும் அரைத்துவிட்ட குழம்பு. ருசியாகத்தான் இருந்தது. ஆனால் என் சமையலைக் குத்திக் காட்டத்தான் கொடுத்தாரோ என்ற உறுத்தலில் தூக்குவாளியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஊரில் அம்மாவிடம் சொன்னால், "உனக்குத் திங்க மட்டும்தான் தெரியும்" என்கிறார். இத்தனை நாள் சாப்பிட்டதெல்லாம் வெறும் நாக்கு ருசிதானா? வெளியில் சாப்பிடுவதை விட்டால்தான் சமையல் வருமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

முதலில் உங்கள் இட்லியைப் பேசி முடித்துவிடுவோம். அது முடியாமல் மற்றது எதுவும் உங்கள் மனத்தில் ஏறாது. அம்மா சொல்லியிருக்கக்கூடிய, அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்ற அளவில் பிழை இல்லை, நீங்கள் அரைத்ததிலும் பெரிய பிழை இருந்திருக்காது. மாவைப் பொங்க வைப்பவை உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிரிகள். அவற்றுள் முக்கியமானதற்கு லியூகோனோஸ்டாக் என்று பெயர். அது வெளிவிடும் வாயுவை உளுந்தின் கொழகொழப்பு பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மாவு உப்புகிறது. ஏறக்குறைய 30 டிகிரி வெப்பத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்யும் அந்த உயிர்கள், கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கும் இந்த ஊரின் மார்கழி இரவில், வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கியதும் சுருண்டு படுத்துவிடுகின்றன. விருதுநகரில் இரவு கரைத்து வைத்தால் விடியலில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும் மாவு, இங்கே மறுநாள் மதியம்வரை அசைவதில்லை. உங்கள் அம்மா அளவைச் சொன்னார். ஊரின் வெயிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தோன்றியிருக்கும்?

நான் திருமணமாகி மல்லேஸ்வரத்துக்கு வந்த ஆண்டு, இதே கூத்து என் வீட்டிலும் நடந்தது. பொங்கலுக்கு முதல் வாரம், மாமனார் வீட்டார் எட்டுப் பேர் வந்திருக்க, நான் தட்டில் வைத்த இட்லியைச் சுவரில் எறிந்திருந்தால் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, அவர்கள் வீட்டுக் குளியலறையில் வெந்நீர் போடும் செம்பு ஹண்டேயின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் காலை மாவு பொங்கி, கம்பளியிலும் கொஞ்சம் வழிந்திருந்தது. இப்போது ஹண்டே எந்த வீட்டிலும் இல்லை. அகலமான பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மேலே ஒரு துண்டைப் போர்த்தி வையுங்கள். படுக்கப் போகும்முன் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் நல்லது. கையால் கரையுங்கள். 14 மணி நேரம், தேவையானால் 16 மணி நேரம் விடுங்கள். இன்னொன்று: இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக ஊரைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். பருப்பைக் குக்கரிலேயே வையுங்கள்.

எல்லாம் செய்தும் மாவு பொங்காத நாள் ஒன்று வரும். அன்றைக்கு ரவா இட்லி செய்யுங்கள். 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகத்தார், இரண்டாம் உலகப் போரின்போது அரிசி கிடைக்காமல் போனதால் ரவையில் செய்து பார்த்ததே அந்த இட்லி என்று சொல்கிறார்கள். தயிரின் புளிப்பும் சமையல் சோடாவும் சேர்ந்து அரைமணி நேரத்தில் செய்யும் வேலையைத்தான் அரிசி மாவில் நுண்ணுயிரிகள் இரவு முழுக்கச் செய்கின்றன. அதை ஒருமுறை உங்கள் கையால் செய்து பார்த்தால், அரிசி இட்லி ஏன் உப்புகிறது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

இனி உங்கள் நோட்டுக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நீங்கள் பெரிதாக எண்ணாமல் போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான். ஒரு கடைச் சாம்பாரில் வெல்லம் தூக்கல், இன்னொன்றில் பட்டை வாசம் என்று பிரித்தறிந்திருக்கிறீர்கள். வெல்லம் உடுப்பிக்காரர்களின் கைப்பழக்கம். பட்டையும் கிராம்பும் மராட்டி மொக்கும் பிசிபேளே பாத் பொடியில் சேர்பவை. அந்தப் பொடி சாம்பாரிலும் விழுந்திருக்கலாம். சாம்பார் சிவந்திருந்தும் காரம் இல்லையே என்று நீங்கள் எங்காவது எழுதியிருந்தால், அது ஹாவேரி மாவட்டத்துப் பியாடகி மிளகாய். நிறம் கொடுக்கும், நாக்கைச் சுடாது. சாத்தூர் வற்றலில் வளர்ந்த நாக்குக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும். இதையெல்லாம் கண்டுபிடித்த மூக்கும் நாக்கும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்போது, சாப்பிட்டது வீண் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் நூறு கடைகளுக்கு ஒவ்வொரு முறை போயிருக்கிறீர்கள். ஒரு கடைக்கு நூறு முறை போனவருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது. எது நன்றாக இருந்தது என்று எழுதினீர்களே தவிர, ஏன் நன்றாக இருந்தது என்று எழுதவில்லை என்பதுதான் என் குறை.

ஆகவே வெளியில் சாப்பிடுவதை விட வேண்டாம். கடைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், செலவும் தானே குறையும். உங்கள் வீட்டுக்கு அருகே, நின்றுகொண்டே சாப்பிடும் தர்ஷினி ஒன்றைத் தேர்ந்துகொண்டு, ஒரு மாதம் முழுக்க அங்கே மட்டும் போங்கள், தோசை மட்டும் வாங்குங்கள். அந்த வகைக் கடைகளில் சமையலறைக்கும் உங்களுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு திண்டுதான் இருக்கும் என்பதால், காசு கொடுக்காமல் பாடம் பார்க்கலாம். தோசை மாஸ்டர் ஒவ்வொரு முறையும் மாவு ஊற்றும்முன், கல்லில் ஒரு கை தண்ணீரை வீசித் தெளித்து, அது சீறி அடங்குவதற்குள் தென்னந்துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தம் செய்கிறார் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். சுத்தம் பாதிதான், கல்லின் சூட்டைக் கொஞ்சம் இறக்குவதே அதன் முக்கிய வேலை. கல் அதிகம் காய்ந்திருந்தால் மாவு விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு, தேய்க்கும் கரண்டியோடு பிய்ந்துகொண்டு வரும். சூடு தணிந்த கல்லில் மெல்லப் பரவி, பிறகு தீ ஏறும்போது ஒரே சீராகச் சிவக்கும். வீட்டில் உங்கள் இரண்டாவது தோசை, மூன்றாவது தோசை பிய்ந்து வருகிறது என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அன்று மாலை வீட்டுக்கு வந்து அதையே செய்து பாருங்கள், நோட்டில் அதை எழுதுங்கள். கூட்டம் இல்லாத 11 மணிக்குப் போனால் மாஸ்டரிடம் பேசவும் செய்யலாம். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர்.

உங்கள் அம்மாவின் சொல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது உங்களைச் சுட்டிருக்கிறது என்பது புரிகிறது. ஆனால் மகனை 20 வயதுவரை அடுப்படிக்குள் விடாமல், தட்டில் போட்டுக் கொடுத்தே வளர்த்தவர் அவர்தான் என்பதையும், பழியில் ஒரு பங்கு அவருக்கும் உண்டு என்பதையும் மரியாதையோடு இங்கே பதிவு செய்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சாப்பிட உட்காராமல் அவர் பக்கத்தில் நில்லுங்கள். அவர் "ஒரு கை" என்று போடும் உப்பையும் உளுந்தையும் ஒரு சிறிய தராசில் வாங்கி எடை பாருங்கள். முதலில் சிரிப்பார், பிறகு கோபிப்பார், மூன்றாவது நாள் தானே தராசை எடுத்து வைப்பார்.

கடைசியாக அந்தத் தூக்குவாளி. உங்களுக்கு வந்தது என்ன என்று உங்களுக்கே தெரியவில்லை, அதனால்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். கன்னடத்தில் அவரேகாயி என்றால் நம்முடைய அவரைக்காய் அன்று, அது மொச்சை. மார்கழி, தை மாதங்களில் மாகடிப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வந்து, இந்த ஊர்த் தெருவோரங்களில் மலையாகக் குவியும். காயைத் தொட்டால் விரலில் ஒரு பிசுக்கு ஒட்டிக்கொண்டு மணக்கும். அந்த மணத்துக்குச் சொகடு என்று அவர்கள் தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், அது இல்லாத காயை வாங்கவும் மாட்டார்கள். உரித்த மொச்சையை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, விடிந்ததும் ஒவ்வொன்றாக இரு விரலுக்கு நடுவே வைத்துப் பிதுக்கினால், தோல் கையில் நிற்க, உள்ளே இருக்கும் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே விழும். அதைத்தான் ஹித்கவரே என்கிறார்கள். தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பால் ஹாலு ஆனது, புளி ஹுளி ஆனது. அந்த வழியில் பார்த்தால் இது நம் பிதுக்கல்தான். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழர்கள் இதைப் பிதுக்கம்பருப்பு என்றே சொல்கிறார்கள்.

ஒரு தூக்குவாளிச் சாறுக்கு, அதாவது இந்த ஊர்க் குழம்புக்கு, எத்தனை மொச்சைகளைப் பிதுக்கியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நான் செய்திருக்கிறேன், முக்கால் மணி நேரத்தில் விரல் நுனி வெளுத்துச் சுருங்கிவிடும், கழுத்து பிடித்துக்கொள்ளும். கல் போன்ற இட்லியை வாய் திறக்காமல் இரண்டு சாப்பிட்டவர், உங்களைக் குத்திக் காட்டுவதற்காக இவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தனியாக இருக்கும் பையன் ஒருவன் நம்மையும் மதித்துச் சாப்பிடக் கூப்பிட்டானே என்று, பருவத்தில் கிடைக்கும் மிக நல்ல பண்டத்தைச் செய்து கொடுத்திருக்கிறார்.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது நம் வழக்கமன்று, இங்குள்ளவர்களின் வழக்கமும் அன்று. மொச்சை இன்னும் சில வாரங்கள் கிடைக்கும். வருகிற சனிக்கிழமை அரைக்கிலோ காய் வாங்கி, அம்மாவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, பிதுக்காமல் தோலோடு, கத்தரிக்காய் சேர்த்து உங்கள் ஊர்ப் புளிக்குழம்பாக வையுங்கள். காரத்தை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அந்த அம்மாவுக்கு வயதாகிறது. சரியாக வராவிட்டால் ஊரிலிருந்து வரும் சாத்தூர்ச் சேவைப் போட்டுக் கொடுங்கள், அதில் வெட்கம் இல்லை. கொடுத்துவிட்டு உடனே படியிறங்கி வந்துவிடாமல், அன்றைய சாறில் தேங்காய் எவ்வளவு அரைத்தீர்கள் என்று கேளுங்கள். கன்னடம் போதவில்லை என்றால் "தெங்கினகாயி எஷ்டு?" என்ற இரண்டு சொற்கள் போதும், அளவை அவரே கையால் காட்டிவிடுவார். நோட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.