கார் டிக்கியில் ஒரு ஏர் பம்ப்: வாசகர் கேள்விகள்

டயர் தேய்மானம் பற்றி எழுதியபோது, "மாதம் ஒருமுறையாவது காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே காற்று பாருங்கள்" என்று சொல்லியிருந்தேன். "வீட்டு வாசலில் காற்றுக்கு எங்கே போவது?" என்று பலர் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்தான். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும், காட்டும் அளவும் ஏறிவிடும். அதனால் இந்த முறை கையடக்க ஏர் பம்ப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில்.

ஒரு பம்பில் 100 பி.எஸ்.ஐ. என்றும் இன்னொன்றில் 150 பி.எஸ்.ஐ. என்றும் போட்டிருக்கிறது. 150 தானே நல்லது? (ஈரோடு வாசகர்)

பி.எஸ்.ஐ. என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு. அந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் காருக்குத் தேவை 30 முதல் 36 பி.எஸ்.ஐ.க்குள்தான் இருக்கும். 150 வரை போகும் என்பது அழுத்தத்தின் உச்சம். எவ்வளவு சீக்கிரம் காற்று ஏறும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும் என்ற கணக்கு. பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

சாதாரண ஹேட்ச்பேக் காரின் 165/80 ஆர்14 டயருக்குள் சுமார் 25 லிட்டர் இடம் இருக்கிறது. 25 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிய டயரை 33க்கு ஏற்ற, வெளிக்காற்று சுமார் 14 லிட்டர் உள்ளே போக வேண்டும். முழுக்க இறங்கிய டயர் என்றால் 55 லிட்டருக்கு மேல். பெட்டியில் நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று போட்டிருந்தாலும் அது எதிரே அழுத்தம் இல்லாதபோது எடுத்த அளவு. டயர் நிறைய நிறைய அதில் பாதிகூட வராது. ஆக, கொஞ்சம் குறைந்த டயருக்கு ஒன்றரை நிமிடமும் முழுக்க இறங்கிய டயருக்கு நாலைந்து நிமிடமும் ஆனால் அது நல்ல பம்ப். பெரிய எஸ்.யூ.வி. டயருக்குள் இடமே ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் நேரமும் அப்படியே கூடும். அந்த வண்டிகளுக்கு உலோக சிலிண்டர் உள்ள பம்பாகப் பாருங்கள்.

சார்ஜ் போடும் பம்ப் வாங்கவா, காரில் சொருகும் வயர் பம்ப் வாங்கவா? விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. (மதுரை வாசகி)

எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், எதை வாங்குவது என்று சொல்கிறேன்.

காரிலேயே கிடக்கட்டும் என்றால் வயர் பம்ப்தான். வெளியே 40 டிகிரி அடிக்கும் மதுரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காருக்குள் 60 டிகிரி வரை ஏறும். டாஷ்போர்டின் மேல் அதற்கும் கூட. லித்தியம் பேட்டரிக்கு இந்தச் சூடு ஆகவே ஆகாது. ஒரு கோடை தாண்டினாலே சார்ஜ் நிற்கும் அளவு குறைந்துபோகும். பேட்டரி உப்பிப்போனால் ஆபத்தும் உண்டு. அப்புறம், ஆறு மாதம் தொடாமல் கிடந்து, என்றைக்காவது ராத்திரி அவசரத்துக்கு எடுத்தால் அதில் சார்ஜ் இருக்குமா? வயர் பம்புக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. கார் ஸ்டார்ட் ஆனால் அதுவும் ஓடும்.

வீட்டில் அலமாரியில் வைத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துவந்து கார், ஸ்கூட்டர், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் காற்று பார்ப்பீர்கள் என்றால் சார்ஜ் பம்ப் அருமை. வயரை இழுத்துக்கொண்டு நாலு டயரையும் சுற்றி வர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: "6000 எம்.ஏ.எச்." (பேட்டரியின் கொள்ளளவு) என்ற விளம்பரத்தை அப்படியே நம்பாதீர்கள். 2000 எம்.ஏ.எச். செல் மூன்றை வரிசையாக இணைத்துவிட்டு 6000 என்று கூட்டிப் போடுகிறார்கள். வாட்-ஹவர், அதாவது பேட்டரியில் மொத்தம் அடங்கும் மின்சாரம், எவ்வளவு என்று பாருங்கள். அதுதான் ஏமாற்றாத கணக்கு. அந்த மூன்று செல்லிலும் சேர்த்து 22 வாட்-ஹவர் சொச்சம் இருக்கும். நாலு டயருக்கும் ஏழெட்டு பி.எஸ்.ஐ. ஏற்ற அது போதும். முழுக்க இறங்கிய பெரிய டயர் என்றால் ஒன்று அல்லது இரண்டோடு சோர்ந்துவிடும்.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நம் ஊர் வெயிலுக்கு நான் வயர் பம்பைத்தான் சொல்வேன்.

வயர் பம்பைப் போட்டதும் இரண்டே நிமிடத்தில் நின்றுவிட்டது. இப்போது சாக்கெட்டில் மொபைல் சார்ஜரும் வேலை செய்யவில்லை. (நாகர்கோவில் வாசகர்)

ஃபியூஸ் போயிருக்கிறது, வேறொன்றும் இல்லை. பம்பின் வாட் அளவை 12ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும். 150 வாட் பம்ப் 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உங்கள் சாக்கெட் மூடியில் 120 வாட் என்று எழுதியிருந்தால் அது 10 ஆம்பியரோடு சரி. அதே சாக்கெட்டில் ஸ்ப்ளிட்டர் போட்டு டேஷ்கேமையும் மாட்டியிருந்தீர்களானால் கேட்கவே வேண்டாம்.

காரின் ஃபியூஸ் பெட்டியில் அதே ஆம்பியர் ஃபியூஸை மாற்றுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். உருக வேண்டியது ஃபியூஸ். அது உருகாவிட்டால் டாஷ்போர்டுக்குள் ஓடும் வயர் உருகும். பம்பின் பிளக் முனையைத் திருகிக் கழற்றினால் அதற்குள்ளும் ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். இரட்டை சிலிண்டர் பம்புகள் சாக்கெட்டுக்கு ஆகாது. அவற்றோடு வரும் முதலைக் கிளிப்பை நேராக பேட்டரியில் மாட்ட வேண்டும்.

என் புது காரில் வட்ட சாக்கெட்டே இல்லை, யு.எஸ்.பி. டைப்-சி மட்டும்தான். (கோவை வாசகி)

அப்படியானால் சார்ஜ் பம்ப்தான் சுலபமான வழி. வெயிலில் நிறுத்தும்போது கையோடு எடுத்துப் போய்விடுங்கள். அதற்கு முன் டிக்கிக்குள்ளும் ஒருமுறை தேடிப் பாருங்கள், சில வண்டிகளில் 12 வோல்ட் சாக்கெட்டை அங்கே ஒளித்து வைத்திருப்பார்கள்.

கோடையில் டயர் வெடிக்காமல் இருக்க இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைத்து வைக்கச் சொல்கிறார்களே, எவ்வளவு குறைக்கலாம்? (வேலூர் வாசகர்)

குறைக்கவே கூடாது. இந்தக் கேள்விக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பதில் எழுதத் தயார், ஏனென்றால் இந்தத் தவறான பேச்சு உயிரை வாங்குகிறது.

டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் காற்று குறைவதுதான். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் நசுங்கி, விரிந்து, மறுபடி நசுங்குகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பத்து முறை வளைத்துத் தொட்டுப் பாருங்கள், சுடும். டயரிலும் அதேதான் நடக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில், வண்டி நிறைய ஆளும் சாமானும் ஏற்றி, அக்னி நட்சத்திர வெயிலில் நாலு வழிச் சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் அந்தச் சூடு ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல் அடுக்குக்கும் உள்ள பிடிப்பையே தளர்த்திவிடும். அப்புறம் டயர் கிழிய ஒரு சின்னப் பள்ளம் போதும்.

ஓட ஓட டயரில் நாலைந்து பி.எஸ்.ஐ. ஏறுவது இயல்பு. அதையும் சேர்த்துத்தான் கார் நிறுவனம் அளவைக் கொடுத்திருக்கிறது. ஆகவே வழியில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் அளந்து, "அய்யோ 38 காட்டுகிறதே" என்று காற்றை 33க்கு இறக்காதீர்கள். இறக்கினால் மறுநாள் காலையில் அது 28ல் நிற்கும்.

உங்களுக்கான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருக்கும். பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலும் சில வண்டிகளில் இருக்கும். இரண்டு பேருக்கு ஓர் அளவு, முழுச் சுமைக்கு ஓர் அளவு என இரண்டு போட்டிருப்பார்கள். குடும்பத்தோடு திருச்செந்தூர் கிளம்பினால் இரண்டாவது அளவு. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம். அதை நிரப்ப வேண்டிய அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஊட்டிக்குப் போகும்போது குறைக்கலாமா என்றும் இதே வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே மீட்டரில் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூடும். அங்குள்ள குளிர் ஏறக்குறைய அதே அளவைக் குறைத்துவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகிப் போகிறது.

பம்ப் 33 காட்டுகிறது, பங்கில் 30 என்கிறார்கள், காரின் திரையில் 31. எதை நம்புவது? (தஞ்சாவூர் வாசகர்)

முதலில், மூன்றையும் ஒரே நேரத்தில், குளிர்ந்த டயரில் பார்த்தீர்களா? பத்து டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கே ஒன்றரை பி.எஸ்.ஐ. மாறும். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, வெயில் படாத பக்கத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

அடுத்தது, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டும் எண் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் குழாய்க்குள் தள்ளும் அழுத்தத்தையும் சேர்த்து அது படிக்கிறது. நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நொடி கழித்துப் பாருங்கள். தானே நிற்கும் வசதி உள்ள பம்பு சில நேரம் ஒரு பி.எஸ்.ஐ. முன்னாலேயே நிற்பது இதனால்தான். அதற்குத் தகுந்தாற்போல் ஒன்று கூட்டி வையுங்கள். இந்த வசதி இல்லாத பம்பை வாங்காதீர்கள். போன் வந்து பேசப் போனால் டயர் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

தனியாக ஒரு டயர் பிரஷர் கேஜ் வாங்குவதுதான் என் யோசனை. பேட்டரி இல்லாத, வட்ட முள் வைத்த நல்ல கேஜாக இருக்கட்டும். பம்ப் மாறினாலும் ஊர் மாறினாலும் அளக்கும் கருவி ஒன்றாகவே இருக்கும், ஒரு டயர் மட்டும் மெல்ல இறங்குவது உடனே தெரிந்துவிடும். நல்ல டயரிலேயே மாதத்துக்கு ஒன்று முதல் இரண்டு பி.எஸ்.ஐ. குறையும். ஒரே டயரில் வாரத்துக்கு மூன்று குறைந்தால் வால்வு வாயிலும் ரிம் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

நைட்ரஜன் போட்ட டயரில் சாதாரண காற்று அடிக்கலாமா? (சேலம் வாசகி)

தாராளமாக. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் கிடைக்கும் வரை குறைந்த காற்றோடு ஓட்டுவதுதான் தவறு.

என் காரில் ஸ்டெப்னி கிடையாது, ஒரு பம்பும் பசை பாட்டிலும் கொடுத்திருக்கிறார்கள். இதை நம்பி இரவில் நெடுந்தூரம் போகலாமா? (சென்னை வாசகர்)

டயர் அழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமல் கார் விற்கலாம் என்று 2020ல் விதியைத் திருத்தினார்கள். அதன்படி வந்த கார் உங்களுடையது. ஆணி குத்தியது டயரின் நடுப்பகுதியில், ஓட்டை சிறியது என்றால் அந்தப் பசையும் பம்பும் உங்களை அடுத்த பஞ்சர் கடை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். பாட்டிலில் போட்டிருக்கும் வேகத்தைத் தாண்டாதீர்கள். பசைக்குக் காலாவதித் தேதி உண்டு, இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பஞ்சர் கடையில் பசை ஊற்றியிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பக்கச்சுவர் கிழிந்தாலோ, டயர் ரிம்மை விட்டுக் கழன்றாலோ எந்தக் கையடக்கப் பம்பும் உதவாது. காற்று உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்துவிடும். காற்றில்லாமல் கொஞ்ச தூரம் உருட்டிய டயரில் காற்றை அடித்து ஓட்டவும் கூடாது, உள்சுவர் அரைபட்டிருக்கும். வழக்கமாக இரவில் வெளியூர் போகிறவர் நீங்கள் என்றால், டிக்கியில் இடம் இருக்கும்பட்சத்தில் ஒரு ஸ்டெப்னி வாங்கிப் போடுங்கள்.

ஸ்டெப்னி உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில வருடங்களுக்கு முன் உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் பஞ்சர். ஜாக்கி போட்டு, ஸ்டெப்னியை மாட்டி, இறக்கியதும் அதுவும் தரையோடு அமுங்கியது. ஒரு வருடமாக அதில் காற்றே பார்த்திருக்கவில்லை. டிக்கியில் கிடந்த வயர் பம்ப்தான் அன்றைக்குக் காப்பாற்றியது. பின்சீட்டில் மனைவியும் பிள்ளைகளும் பயந்துபோய் உட்கார்ந்திருந்ததை இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து மாதாந்திரக் கணக்கில் ஐந்தாவது டயரும் சேர்ந்துவிட்டது. மெலிந்த தற்காலிக ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. கேட்கும், அதன்மேலேயே எழுதியிருக்கும்.

(ஸ்டெப்னி என்ற பெயர் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904ல் அங்கேதான் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். நம் ஊரில் அந்தப் பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது.)

பம்ப் ஓடும்போது இன்ஜினை நிறுத்தலாமா? தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம்? (திருநெல்வேலி வாசகர்)

இன்ஜின் ஓடட்டும். பம்புக்கும் முழு வோல்டேஜ் கிடைக்கும், பேட்டரியும் இறங்காது. ஆனால் மூடிய ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம், புகை விஷம். பத்து நிமிடம் ஓடினால் அதே அளவு ஓய்வு கொடுங்கள். குழாயின் பித்தளை முனை கடுமையாகச் சுடும், துணியால் பிடித்துத் திருகுங்கள்.

அப்பா வைத்திருந்த பழைய கால் பம்ப் வீட்டில் இருக்கிறது. அது போதாதா? (காரைக்குடி வாசகி)

போதும். ஏழெட்டு பி.எஸ்.ஐ. ஏற்ற, காலில் கொஞ்சம் வலு இருந்தால் சில நிமிட வேலைதான். மிதித்தும் காற்று ஏறவில்லை என்றால் சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர் காய்ந்திருக்கும். கழற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். அதிலுள்ள மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். மேலே சொன்ன கேஜ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், புது பம்புக்கான பணம் மிச்சம்.