வானை ஒரு அடி உயர்த்தலாமா? குளக்கட்டு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் குளத்தின் நீர்ப்பரப்பு 25 ஏக்கர். சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாது. வானின் (குளம் நிறைந்ததும் மிகைநீர் வழிந்தோடும் கட்டு) மேல் ஒரு அடிக்கு மண்மூட்டை அடுக்கினால் என்ன என்று கமக்காரர் அமைப்பில் பேச்சு. செய்யலாமா? (தம்பலகாமம் வாசகர்)

பதில்: கூடுதலாகக் கிடைப்பது சுமார் 25 ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி). சிறுபோக நெல் ஏக்கருக்கு 4 முதல் 5 ஏக்கர் அடி குடிக்கும். ஆக 5 ஏக்கர், கூடினால் 6. இனி இதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள்.

உங்கள் வான் 40 அடி நீளம், வெள்ளத்தில் அதன் மேல் 2 அடி உயரத்துக்குத் தண்ணீர் பாயும் என்று வைப்போம். விநாடிக்கு ஏறத்தாழ 340 கன அடி வெளியேறும். ஒரு அடி மூட்டை அடுக்கிய பிறகு அதே வெள்ள மட்டத்தில் மூட்டைக்கு மேல் மிஞ்சுவது 1 அடி. பாய்வது 120 கன அடிதான். உயரம் பாதியானால் நீர் பாதியாகாது, மூன்றில் ஒன்றாகிவிடும். மீதி 220 கன அடி குளத்துக்குள்ளேயே ஏறும். பழைய அளவு நீர் வெளியேற வேண்டுமானால் வெள்ளமட்டம் இன்னும் ஒரு அடி உயர்ந்தாக வேண்டும்.

வெள்ளமட்டத்துக்கும் கட்டின் தலைக்கும் இடையே 3 அடி வெறுமையாக விடுவது வாடைக்காற்றின் அலைக்காக. அதில் ஒரு அடியை நீங்கள் தின்றுவிட்டீர்கள். மிச்சம் 2 அடி என்று கணக்கு சொல்லும். ஆனால் மாடு ஏறி இறங்கும் இடத்திலும் ஒற்றையடிப் பாதை குறுக்கிடும் இடத்திலும் பழைய கட்டு ஒன்றரை அடி, இரண்டு அடி பணிந்து கிடக்கும். மண்கட்டின் மேலால் ஒரு சாண் தண்ணீர் பாய்ந்தாலும் வெளிச்சரிவு அரிபட்டு, சில மணிநேரத்தில் வாய் பிளக்கும். 2011 ஜனவரி வெள்ளத்தில் கிழக்கில் பல சிறு குளங்கள் உடைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மேலே உள்ள குளம் உடைந்தால் கீழே உள்ள குளமும் தாங்காது.

ஆகவே மாரியில் மூட்டை வேண்டாம். தை பிறந்து மழை ஓய்ந்த பின், வானில் பலகை செருகத் தவாளிப்பு (காடி) வைத்த தூண்கள் இருந்தால், முக்கால் அடிப் பலகை போடலாம். அதற்கும் கமநல சேவை நிலையத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து ஒப்ப வேண்டும். புரட்டாதி முடியுமுன் பலகை வெளியே வந்துவிட வேண்டும். நிரந்தரமாக ஒரு அடி உயர்த்துவதானால், வெள்ளமட்டம் ஏறாமல் இருக்க வானின் நீளம் 40 அடியிலிருந்து 113 அடியாக வேண்டும். செலவைக் கேட்டதும் பேச்சு அடங்கிவிடும்.

அதைவிட உருப்படியான வேலை ஒன்று உண்டு. மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாயை எடுத்து, 50 அடிக்கு ஒரு முளை அடித்து, கட்டின் தலையை முழு நீளத்துக்கும் அளந்து பாருங்கள். பணிந்த இடங்களை ஆவணிக்குள் நிரப்புங்கள்.

கேள்வி: நிரப்புவதற்கு மண் எப்படிப் போட வேண்டும்? போன வருடம் டிப்பரில் கொட்டியது மாரியில் வழிந்து போனது. (கிண்ணியா வாசகர்)

பதில்: பழைய மண்ணின் மேல் அப்படியே கொட்டியிருப்பார்கள். முதலில் புல்லும் வேரும் உள்ள மேல்மண்ணை 6 அங்குலம் வழித்தெடுக்க வேண்டும். சரிவைப் படிபடியாக வெட்டினால்தான் புதுமண் பழையதைக் கவ்வும். 8 அங்குலம் பரப்பி, 6 அங்குலமாகும் வரை ரோலர் ஓட்டி இறுக்கி, பிறகுதான் அடுத்த படை. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். இரண்டு மூன்று துண்டானால் சரி. தூளானால் தண்ணீர் தெளிக்க வேண்டும், அப்பம் போல் தட்டையானால் காயவிட வேண்டும். குளத்துக்குள்ளிருந்து மண் எடுப்பதானால் கட்டின் உள்ளடியிலிருந்து 100 அடிக்குள் பெக்கோவை (மண் தோண்டும் இயந்திரம்) விடாதீர்கள். அங்கே படிந்திருக்கும் களிதான் அடியால் தண்ணீர் ஓடாமல் மறிக்கிறது.

கேள்வி: மழைக்காலத்தில் கட்டின் வெளிப்புறம் தண்ணீர் கசிகிறது. களிமண் போட்டு அடைத்தோம், பக்கத்தில் வேறு இடத்தால் வருகிறது. (ஈச்சிலம்பற்று வாசகர்)

பதில்: வெளிப்பக்கத்தால் அடைத்ததுதான் பிழை. மண்கட்டு கசியத்தான் செய்யும். தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது. ஒரு வெறும் சோடாப் போத்தலில் கசிவுநீரைப் பிடித்து அரை மணிநேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் கட்டுக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். தெளிவாக இருந்தாலும் 5 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று நாளுக்கு ஒருமுறை எழுதுங்கள், குளத்தின் மட்டத்தையும் பக்கத்தில் குறியுங்கள். மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் கூடினால் உள்ளே வழி பெருக்கிறது.

கசியும் இடமும் முக்கியம். வெளியடியில் ஈரம் பெரும்பாலும் பயமில்லை. வெளிச்சரிவின் நடுவில் ஈரம் என்றால் கவனிக்க வேண்டும். துருசுக் (வயலுக்கு நீர் திறக்கும் மதகு) குழாயின் வெளிவாயைச் சுற்றிக் குழாய்க்கு வெளியால் நீர் வந்தால் உடனே ஆளனுப்புங்கள். கொங்கிறீற்றும் மண்ணும் சேரும் கோட்டில் ரோலர் போகாது, கையால் இடிக்காமல் விட்டிருப்பார்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத்தான் தேடிப் பிடிக்கும்.

களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, கசியும் இடத்தில் ஒரு அடி கனத்துக்குச் சுத்தமான ஆற்றுமணல், அதன் மேல் முக்கால் அங்குலக் கல், கடைசியாகப் பெருங்கல் போடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. மணல் மண்ணைப் பிடிக்கும், கல் மணலைப் பிடிக்கும், தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். ஊற்றுப் போல மணலைக் கக்கினால் சுற்றிவர உரப்பையில் மணல் நிரப்பி 2, 3 அடிக்கு வளையம் கட்டுங்கள். உள்ளே நீர் ஏறி எதிர்பாரம் கொடுக்கும், வருவது தெளியும். தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள், முழுதாக மறிக்கப் பார்க்காதீர்கள்.

உட்பக்கம் நீர்ப்பரப்பில் சுழி தெரிந்தால் அதுதான் வாய். தறப்பாளின் ஓரங்களில் மூட்டை கட்டி அதன் மேல் இறக்குங்கள். சுழிக்குக் கிட்ட யாரும் நீந்திப் போகக்கூடாது.

கேள்வி: கட்டில் நிற்கும் வேம்பு, பாலை மரங்களை வெட்டலாமா? புற்றும் நிறைய இருக்கிறது. (மூதூர் வாசகர்)

பதில்: மணிக்கட்டுப் பருமனுக்குக் குறைந்ததை வேரோடு பிடுங்கி, குழியை இடித்து நிரப்புங்கள். பெருமரத்தை மட்டும் வெட்டிவிட்டு அடிக்கட்டையை விடுவது ஆபத்து. வேர் உக்கியதும் கட்டுக்குள் குழாய் வைத்த மாதிரித்தான். உள்ளே தண்ணீர் குறைந்திருக்கும் ஆவணியில் வேரைத் தேடித் தோண்டி, படைபடையாக நிரப்ப வேண்டும். புற்றும் அப்படியே. மேலே கொத்திச் சமன் செய்தால் அடியில் அறை அப்படியே கிடக்கும். நிரப்பிய இடத்தில் அறுகு பதியுங்கள்.

கேள்வி: இதே குளம் வெள்ளத்தையும் தடுக்க வேண்டும், கோடையில் 200 குடும்பத்துக்கும் தண்ணீர் தர வேண்டும். முடியுமா? (குச்சவெளி வாசகர்)

பதில்: குடிதண்ணீர் சின்னக் கணக்கு. குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 500 லீற்றர் என்றால் 4 மாதத்துக்கு 10 ஏக்கர் அடி போதும். அதே 4 மாதத்தில் கச்சான் காற்றும் வெயிலும் குடிப்பது இதைவிட அதிகம்: நாளுக்கு 5 மில்லிமீற்றர் வீதம் 2 அடி, நீர்ப்பரப்பு சராசரி 10 ஏக்கர் என்றால் 20 ஏக்கர் அடி. ஆகவே வயலுக்குத் திறக்கும்போதே துருசுக்கு மேல் எத்தனை அடி விடுவது என்று போகக் கூட்டத்தில் முடிவு செய்து, மட்டக்கல்லில் சிவப்புக் கோடு போடுங்கள்.

வெள்ளம்தான் சிக்கல். நிறைந்த குளம் வெள்ளத்தை அதிகம் தடுக்காது, வெறும் இடம்தான் தடுக்கும். மழை எச்சரிக்கை வந்த பின் துருசைத் திறந்து இடம் பண்ணலாம் என்று நினைக்காதீர்கள். 6 அடி நீர் நிற்கும்போது 9 அங்குலக் குழாய் ஒரு நாளில் வடிப்பது ஏறத்தாழ 10 ஏக்கர் அடி. ஒரு சதுர மைல் நீரேந்துபரப்பிலிருந்து 4 அங்குலம் ஓடி வந்தால் குளத்துக்கு வருவது 213 ஏக்கர் அடி. கார்த்திகை, மார்கழியில் பெருமழை என்பதால் மார்கழி நடுவரை வான்மட்டத்துக்கு 2 அடி கீழே பிடித்து, அதன் பிறகு நிரப்புவது ஒரு வழி. மழை முன்னதாக ஓய்ந்த வருடம் குளம் நிரம்பாமல் போகலாம், அந்த இழப்பை ஊர் முன்கூட்டியே ஏற்க வேண்டும்.

கேள்வி: கட்டின் மேலால் மணல் டிப்பர் ஓடுகிறது. சொன்னால் கேட்கிறார்கள் இல்லை. (கந்தளாய் வாசகர்)

பதில்: உங்கள் ஊருக்கு நாம் சொல்ல வேண்டுமா? 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டின் மேல் ஓடிய மிகப் பாரமான வாகனங்களும் காரணமாகச் சொல்லப்பட்டன. சில்லுத்தடம் பள்ளமாகும், அதில் மழைநீர் தேங்கி ஊறும், தலை பணியும். இரு முனையிலும் உழவு இயந்திரம் மட்டும் நுழையும் அகலத்துக்குக் கொங்கிறீற்றுத் தூண் நட, குளத்துக்குப் பொறுப்பான திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: இரவில் தண்ணீர் கட்டின் தலையை எட்டிவிட்டால் கட்டை வெட்டிவிடலாமா? (வெருகல் வாசகர்)

பதில்: நடுக்கட்டை ஒருபோதும் வெட்டாதீர்கள், மண்வெட்டி பிடித்தவரையும் சேர்த்துக் கொண்டுபோகும். முதலில் வானில் சிக்கிய மரம், சல்பீனியா நீர்க்களை, மீன்வலை எல்லாவற்றையும் கரையில் நின்று கொக்கித் தடியால் இழுத்து எடுங்கள். பல குளங்களுக்கு அதுவே போதும். பணிந்த இடத்தில் மட்டும் மூட்டையை இரண்டு வரிசையாக, செங்கல் கட்டுவது போல் மூட்டு மாற்றி அடுக்குங்கள். அதே நேரம் ஒருவர் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் கிராம சேவகருக்கும் சொல்லட்டும், இன்னொருவர் கீழ்ப்பக்க வீடுகளை எழுப்பட்டும். வெட்டியே ஆக வேண்டும் என்று பொறியியலாளர் சொன்னால், இடம் வானுக்கு அப்பால் கட்டு இயற்கை மேட்டோடு சேரும் ஓரம். அங்கே கட்டின் உயரம் குறைவு, அடியில் வெட்டாத தரை இருப்பதால் பிளவு ஆழமாகாது.