வான்கோவும் வெண்டிக்காயும்: சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய ஓவியர்கள் – கேள்வி பதில்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் சித்திரம் படிப்பிக்கிறேன். படப்புத்தகத்தையும் கைவேலையையும் வைத்து உலக ஓவியர்களைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கொக்குவிலில் இருந்து ஒரு அம்மா: ரீச்சர், மகளுக்கு நாலு வயது. எந்த ஓவியரில் தொடங்கலாம்? பிக்காசோ, டாவின்சி எல்லாம் இந்த வயதில் விளங்குமா?

ஓவியரில் தொடங்க வேண்டாம், ஒரு படத்தில் தொடங்குங்கள். பெயர், நாடு, பிறந்த ஆண்டு எல்லாம் பிறகு வரட்டும். நாலு வயதுக்கு நான் முதலில் எடுப்பது பிரான்ஸ் நாட்டு மத்தீஸ் 1953இல் செய்த 'நத்தை'. 1941இல் வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை நடந்த பிறகு அவரால் முன்போல் நின்று வரைய முடியவில்லை, அதனால் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே, உதவியாளர்கள் வர்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, அவற்றைச் சேர்த்துப் படமாக்கினார். ஒரு பெரியவர் கத்தரிக்கோலும் தாளுமாக இருந்து வேலை செய்தார் என்று சொன்னாலே பிள்ளைக்குப் பிடித்துப்போகும்.

படத்தைக் காட்டி, "இதில் ஒரு நத்தை இருக்கு, எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். வர்ணத் துண்டுகள் சுருளாகச் சுற்றிப் போவதை மகள் தானே விரலால் தொட்டுக் காட்டுவாள், கொஞ்ச நேரம் எடுத்தாலும் காத்திருங்கள். புத்தகத்தில் உள்ளங்கை அளவில் இருக்கும் அந்தப் படம் உண்மையில் ஒவ்வொரு பக்கமும் 9 அடிக்கு மேல். முற்றத்தில் கயிறு பிடித்து அந்த அளவுக்கு ஒரு சதுரம் போட்டு, உள்ளே பழைய சாரி, துவாய், படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் சுருளாக அடுக்க விடுங்கள். டாவின்சியின் மோனா லிசாவுக்கும் இதே கயிறு உதவும். அது 77 சென்ரிமீற்றர் உயரமும் 53 சென்ரிமீற்றர் அகலமும்தான். இவ்வளவு சின்னதா என்று பெரியவர்களே கேட்பார்கள்.

சாவகச்சேரியில் இருந்து ஒரு அப்பா: மகனுக்கு மூன்று வயது. தாளைக் கொடுத்தால் கிழிக்கிறான், வரைகிறானே இல்லை.

கிழிக்கட்டும் தம்பி. கொஞ்சம் பெரிய தாளாகக் கொடுங்கள். எரிக் கார்ல் என்ற படப்புத்தகக்காரர் மெல்லிய தாள்களுக்குத் தானே வர்ணம் தீட்டிக் காயவைத்து, அவற்றை வெட்டி ஒட்டித்தான் தன் பூச்சிகளையும் மிருகங்களையும் செய்தார். நீங்களும் முதல் நாள் பத்திரிகைத் தாளில் வர்ணம் பூசிக் காயவிடுங்கள், அடுத்த நாள் மகன் கிழிக்கட்டும், பிறகு இரண்டு பேருமாகக் கோதுமை மாப் பசையால் ஒட்டுங்கள்.

அவரைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்லாமல் விட மனமில்லை. நாசிகள் ஆண்ட ஜேர்மனியில் அவர் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது, அரசு தடைசெய்து ஒதுக்கி வைத்திருந்த நவீன ஓவியங்களின் அச்சுப் பிரதிகளை அவருடைய சித்திர ஆசிரியர் இரகசியமாகக் காட்டினார். அதில் ஃபிரான்ஸ் மார்க்கின் ஓவியமும் இருந்தது, குதிரைக்கு நீல நிறம் தீட்டியவர் அவர். கார்ல் அதை மறக்கவே இல்லை, 80 வயது தாண்டிய பிறகு 2011இல் அந்த ஓவியருக்காகவே ஒரு படப்புத்தகம் செய்தார். ஒரு படத்தைச் சரியான நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் காட்டுவது என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். உங்கள் மகன் மாட்டுக்குப் பச்சை பூசினால் திருத்தப் போகாதீர்கள்.

நல்லூரில் இருந்து ஒரு அம்மா: மகள் தன்னை வரையும்போது எப்போதும் வெளிர் ரோஸ் நிறம்தான் பூசுகிறாள். அதுதான் 'தோல் நிறம்' என்கிறாள். அவள் நல்ல மண்ணிறம். என்ன சொல்வது?

இந்தக் கேள்விக்கு எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. பேஸ்டல் பெட்டியில் இருக்கும் அந்த ரோஸ் குச்சியைத் 'தோல் நிறம்' என்று முதலில் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் நாங்கள்தான், பிள்ளை அதை நம்பித் தன் முகத்தையே வேறு ஆளுடைய முகமாக்குகிறாள். புத்தி சொல்வதைவிடக் கண்ணாடி கொடுப்பது நல்லது. மெக்சிக்கோவின் ஃபிரீடா காலோ 18 வயதில், 1925இல், பஸ் விபத்தில் சிக்கி மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். மேலே ஒரு கண்ணாடியைப் பொருத்திக் கொடுத்தார்கள், அதைப் பார்த்துத் தன்னையே வரைந்தார். சேர்ந்த புருவம், மண்ணிறத் தோல், தலையில் பூ, தோளில் குரங்கு, பக்கத்தில் கிளி. அவர் தன் முகத்தில் ஒன்றையும் மறைக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் உடனே கவனிப்பார்கள், முக்கியமாகப் புருவத்தை.

பிறகு நிறம் செய்ய வேண்டும். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் ஒரு பிடி எடுத்து, மெல்லிய துணியில் சலித்து, வெள்ளைப் பசையும் தண்ணீரும் விட்டுக் குழையுங்கள். நல்ல வர்ணம் அது. கொஞ்சம் கரித்தூள் சேர்த்தால் இருளும், மஞ்சள்தூள் சேர்த்தால் வெளிக்கும். வடித்த கோப்பி, தேயிலைச் சாயம் இரண்டும் தாளில் பிடிக்கும். மகள் தன் கையைத் தாளின் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துக் கலக்கட்டும். அம்மாவின் கை, அப்பாவின் கை, அம்மம்மாவின் கை எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கலந்து பார்த்தால் வீட்டுக்குள்ளேயே எத்தனை நிறம் என்று அவளுக்குத் தெரியும். தோளில் குரங்குக்குப் பதில் அணிலோ ஆட்டுக்குட்டியோ அவள் விருப்பம். அந்த ரோஸ் குச்சியை எறிய வேண்டாம், தாமரைப் பூவுக்கு உதவும்.

வேலணையில் இருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை: 25 பிள்ளைகள், அரை மணித்தியாலம், காசும் இல்லை. எப்படிச் செய்வது?

ஒரு மாதத்துக்கு ஒரு படம் போதும் தங்கச்சி. பெரிதாக ஒரு கலர் பிரின்ற் எடுத்துச் சுவரில் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டுங்கள், எங்கள் கண் உயரத்தில் அல்ல. முதல் வாரம் பார்ப்பது மட்டும். நடுவில் சின்னச் சதுரம் வெட்டிய ஒரு மட்டையைப் படத்தின் மேல் நகர்த்தி, "இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டால் அடங்காத பிள்ளையும் வந்து குந்தும். இரண்டாம் வாரம் கதை, மூன்றாம் வாரம் ஐந்து ஐந்து பேராகக் கைவேலை, ஒரு தட்டுக்கு ஒரு வர்ணம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மாதிரிப் படம் ஒன்றை நீங்களே வரைந்து வைத்து, எல்லோரும் அதைப் பார்த்து அதேபோல் செய்யச் சொல்லாதீர்கள். 25 சூரியகாந்திப் பூவும் அச்சில் வார்த்ததுபோல் வரிசையாகத் தொங்கும் கண்காட்சிகளைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது, அதில் பாதிக்கு மேல் பெரியவர்களின் கைவேலை என்பது எட்டி நின்றே தெரியும். வான்கோ அந்தப் பூக்களை 1888 ஓகஸ்டில் ஆர்ல் என்ற ஊரில் வரைந்தபோது, வாடுவதற்குள் முடிக்க வேண்டும் என்று விடியவிடியவே தொடங்கி அவசரமாக வரைந்தார். நன்றாகப் பார்த்தால் சில பூக்கள் தலை தொங்கியிருக்கும், சிலவற்றில் இதழே இருக்காது. எங்களுக்குச் செவ்வரத்தம்பூ இருக்கிறது. காலையில் ஒரு செம்பில் வைத்து ஒரு தடவை வரையட்டும், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்னேரம் அது சுருங்கிய பிறகு இன்னொரு தடவை.

திருநெல்வேலியில் இருந்து ஒரு அண்ணா: வான்கோ காதை வெட்டியதைப் பற்றிப் பிள்ளை கேட்டால்?

ஐந்து வயதுக்கு அதை நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால், "அவருக்குக் கடுமையான வருத்தம் இருந்தது, அந்த நேரத்தில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டார், பிறகு வைத்தியசாலையில் இருந்தார்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பொய் சொல்ல வேண்டாம், விசர் என்று சிரிக்கவும் வேண்டாம். 'விண்மீன் இரவு' 1889 ஜூனில் அந்த மனநோய் வைத்தியசாலையில் இருந்தபோது வரைந்ததுதான், அறை ஜன்னலால் பார்த்த விடியற்கால வானத்தை மனதில் வைத்துப் பகலில் வரைந்தார். கீழே இருக்கும் ஊரை அவரே சேர்த்துக்கொண்டார். தம்பி தேயோ காசும் வர்ணமும் அனுப்பினார், வின்சென்ற் அவருக்கு எழுதிய 600க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அண்ணன் தம்பிக் கதையாகச் சொன்னால் பிள்ளைக்கு அதுதான் மனதில் நிற்கும்.

பருத்தித்துறையில் இருந்து ஒரு அம்மம்மா: பிள்ளை, பேரனுக்குக் கடலும் வள்ளமும்தான் உலகம். அதுக்கு ஏதாவது இருக்கோ?

இருக்கிறது அம்மா, அதுவும் மிகப் பெரியது. யப்பானில் ஹொக்குசாய் என்பவர், 70 வயதை ஒட்டி, 1831 அளவில் செய்த பேரலை. பேரனிடம் எத்தனை வள்ளம் என்று கேளுங்கள், மூன்று. மலை எங்கே என்று கேளுங்கள், தேடுவான். தூரத்தில் சின்னதாக, அலைக்குக் கீழே இருப்பதுதான் ஃபூஜி மலை. வள்ளத்தில் இருப்பவர்கள் எப்படிக் குனிந்து பிடித்திருக்கிறார்கள் என்று உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அது மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த படம். அதனால் ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில் அடித்து மலிவாக விற்றார்கள். வீட்டில் வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி நீல வர்ணத்தில் தொட்டுக் குற்றினால் நுரை மாதிரி வரும். பெட்டிகளோடு வரும் ரெஜிபோம் துண்டில் பென்சிலால் அழுத்தி வள்ளம் கீறி, வர்ணம் பூசித் தாளை வைத்து அமர்த்தி எடுத்தால் அச்சுப்படம். எழுத்து எழுதினால் மறுபக்கமாக விழும், அதைப் பேரனே கண்டுபிடிக்கட்டும்.

பலர்: தமிழில் ஓவியர்கள் பற்றிய படப்புத்தகங்கள் எங்கே எடுக்கலாம்?

சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரித் தமிழில் குறைவு. சென்னையில் தூலிகா, தாரா பதிப்பகங்களின் புத்தகங்களில் படங்களே தனி விருந்து, தாராவின் சில புத்தகங்கள் கையால் அச்சடித்தவை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். ஆங்கிலப் புத்தகம் கிடைத்தால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்து உங்கள் தமிழில் சொல்லுங்கள். நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன், சிக்காகோ கலை நிறுவனம், அம்ஸ்ரடாமின் ரைக்ஸ் மியூசியம் மூன்றும் தங்கள் பழைய ஓவியங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தரவிறக்க விடுகின்றன. ஐந்தாறு படங்களைப் போட்டோக்கொப்பிக் கடையில் அடித்து, கொப்பியில் ஒட்டி, பிள்ளை சொல்வதைக் கீழே எழுதினால் தமிழ்ப் புத்தகம் தயார்.

கோப்பாயில் இருந்து ஒருவர்: எல்லாம் வெள்ளைக்காரர், யப்பான்காரர். எங்கள் ஆட்கள் இல்லையா?

நியாயமான கேள்வி. வீட்டுச் சாமியறையிலேயே தொடங்கலாம். கலண்டரில் வீணையோடு இருக்கும் சரஸ்வதியின் சாயல், 1894இல் பம்பாய்ப் பக்கம் சொந்தமாக அச்சகம் தொடங்கிய ரவி வர்மாவிடம் இருந்து வந்தது. வாணி விழாவுக்கு முதல் வாரம் அதை எடுங்கள். வங்காளத்து ஜாமினி ராயின் பெரிய கண்களும் தடித்த கோடுகளும் நாலு வயதுக் கைக்கு அப்படியே வரும், அவரும் மண், புளியங்கொட்டைப் பசை என்று வீட்டுச் சாமான்களைத்தான் பாவித்தார். கொழும்புக்குப் போனால் பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் 1939–40இல் வரைந்த சுவரோவியங்களைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். இங்கே என்றால் குருநகரின் அ. மாற்கு, முத்திரைகளுக்கும் வரைந்த ஆசை இராசையா, இரண்டு பேருமே பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தவர்கள். அவர்களிடம் படித்த யாராவது உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

சுன்னாகத்தில் இருந்து ஒரு அம்மா: இதெல்லாம் புலமைப்பரிசிலுக்கு உதவுமா?

புள்ளி வராது. உற்றுப் பார்க்கவும் பார்த்ததைச் சொல்லவும் பழகும். அதற்காகத்தான் நான் செய்கிறேன்.

மானிப்பாயில் இருந்து ஒரு அக்கா: புள்ளி புள்ளியாக வரைந்தவரைச் செய்ய முயன்றோம், மகன் பத்து நிமிஷத்தில் எழும்பிப் போய்விட்டான்.

பிரான்ஸ் நாட்டு ஓவியர் சூராவை எடுத்திருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையைக் காட்டும் படம் அது, 3 மீற்றர் அகலம், அவருக்கே 1884இல் இருந்து 1886 வரை எடுத்தது, ஆறு வயது எழும்பிப் போகத்தான் செய்யும். முழுக் காட்சியும் வேண்டாம், ஒரேயொரு மாம்பழம் போதும். கோட்டை நீங்கள் மெல்லியதாகக் கீறிக் கொடுங்கள், காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் மஞ்சளும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் குற்றட்டும், கலக்கக் கூடாது. பிறகு அதை விறாந்தையின் அந்தப் பக்கம் வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்து பார்க்கச் சொல்லுங்கள், செம்மஞ்சளாகத் தெரியும். கறுத்தக்கொழும்பான் காலம் முடிவதற்குள் செய்தால் பார்த்து வரையப் பழமும் இருக்கும்.