அந்த அமைதியை நம்பாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 43. கடற்றொழில் செய்பவர். மார்கழி தொடக்கம் நெஞ்செரிவு, உடல் உளைவு, பசியின்மை. நன்றாக மெலிந்துவிட்டார். ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் சரி என்கிறார்கள். நித்திரை வராததால் தெரிந்தவர் ஒருவரின் பாமசியில் குளிசை வாங்கிப் போடுகிறார். குடியும் கூடிவிட்டது. மூளையில் கட்டி இருந்தாலும் இப்படி வரும் என்று யூடியூப்பில் பார்த்தேன். வைட்டமின் குறைவோ என்றும் யோசிக்கிறேன். மாமி செய்வினை என்கிறார். பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தவர், போன கிழமை படகின் எஞ்சினைத் தம்பியிடம் கொடுத்து, "இனி நீயே வைத்துக்கொள்" என்றார். வங்கிப் புத்தகம் இருக்கும் இடத்தை எனக்குக் காட்டினார். அதற்குப் பிறகு அமைதியாக இருக்கிறார். தானாகவே சுகமாகி வருகிறாரா? மனநோய் என்று சொல்லி அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்களா? எங்களுக்கு 17 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கும் இது வருமா? நாளை அவளுடைய கலியாணத்துக்கு இது தடையாகுமோ?
— வாசகி, திருகோணமலை

பதில்: இல்லை, அவர் சுகமாகி வரவில்லை. உங்களுக்கும் அந்த நம்பிக்கை இல்லை என்றே நினைக்கிறேன். இருந்திருந்தால் எஞ்சினையும் வங்கிப் புத்தகத்தையும் பற்றி எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். கடிதத்தில் தொலைபேசி இலக்கம் இருந்ததால், அது கைக்குக் கிடைத்த அன்றே உங்களுடன் பேசிவிட்டேன். அன்று சொன்னதைத்தான், ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, இங்கே எழுதுகிறேன். இதே தவிப்போடு இருக்கும் வேறு வீடுகளுக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

மாதக்கணக்காக நிம்மதியில்லாமல் இருந்த ஒருவர், தன் தொழில் சாமானைப் பிறர் கையில் ஒப்படைக்கிறார், பணம் இருக்கும் இடத்தை மனைவிக்குக் காட்டுகிறார், பிறகு திடீரென்று அமைதியாகிறார். இந்த மூன்றும் ஒன்றாக வரும்போது நல்லதையே எண்ணிக் காத்திருக்க எனக்கு மனம் வராது. உயிரோடு இருப்பதா வேண்டாமா என்று உள்ளுக்குள் நடந்த இழுபறியில் அவர் ஒரு முடிவுக்கு வந்திருக்கக்கூடும். மனச்சோர்விலிருந்து மீள்பவர், நல்ல நாளும் கெட்ட நாளுமாக மெல்ல மெல்லத்தான் மீள்வார். சுகமாகி வரும் கடற்றொழிலாளி எஞ்சினைத் துடைத்து எடுத்து வைப்பார். தம்பியிடம் கொடுத்துவிட மாட்டார்.

ஆகவே இன்றைக்கே, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அவரிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போனால் நல்லது என்று நினைக்கிறீர்களா? அதற்கு ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று எங்கள் ஊர்களில் எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் சுமந்ததை ஒருவர் வாய்திறந்து கேட்டுவிட்டாரே என்று அழுது தீர்ப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர் என்ன சொன்னாலும் கோபிக்காதீர்கள். "பிள்ளைகளை யோசித்துப் பார்த்தீர்களா" என்றும் கேட்காதீர்கள். அவர் யோசிக்கிறார். தான் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குச் சுமை குறையும் என்று இந்த நோய் அவரை நம்ப வைக்கிறது.

"ஆம்" என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அவரைத் தனியே விடாதீர்கள். தம்பியையும் அழைத்துக்கொண்டு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்தே இருக்கும். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் இலவசமாக வரும். என்ன செய்வதென்றே தெரியாமல் நின்றால் 1926 தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் எடுத்துத் தமிழிலேயே பேசலாம். பொலிஸ் வழக்கு வருமோ என்று பயந்து இதை மூடி மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றமல்ல.

அவர் "இல்லை" என்றாலும், வீட்டில் உள்ள பூச்சிமருந்து, குளிசை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். சாக நினைப்பவர் எப்படியும் வழி தேடிக்கொள்வார் என்று சொல்பவர்களுக்கு இந்த நாட்டின் அனுபவமே பதில். 1995 அளவில் தற்கொலை வீதத்தில் உலகிலேயே மிக மோசமான நாடுகளின் வரிசையில் நாங்கள் இருந்தோம். கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகள் அடுத்தடுத்துத் தடைசெய்யப்பட்டபோது அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. சாக வேண்டும் என்ற வேகம் அநேகமாகக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார்.

இனி, இது எப்போது தொடங்கியது என்பதைப் பார்ப்போம். நெஞ்செரிவு வந்த நாளை நீங்கள் தொடக்கமாக வைத்திருக்கிறீர்கள். தொலைபேசியில் நான் வேறொன்றைக் கேட்டேன்: அவருக்கு மிகவும் பிடித்த காரியத்தை எப்போது விட்டார்? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னீர்கள். மக்கெய்சர் மைதானத்தில் பந்தாட்டம் என்றால் மகனையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பவர், கார்த்திகையிலிருந்தே போகவில்லை. மகன் கூப்பிட்டபோது "நீ போ" என்றாராம். மனச்சோர்வு அங்கேதான் தொடங்கியிருக்கிறது. அழுகையும் புலம்பலும் வந்தால்தான் மனச்சோர்வு என்று நினைக்கிறோம். ஆண்கள் பலர் அழுவதே இல்லை. விரும்பிச் செய்ததெல்லாம் சுவையற்றுப் போகிறது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது, உடம்பு வலிக்கிறது, குடி கூடுகிறது. உடம்பு வலியைத்தான் வைத்தியரிடம் சொல்வார்கள். பரிசோதனைகள் சரியாக இருந்ததும் வைத்தியர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார்.

நித்திரையிலும் நீங்கள் ஏமாந்திருக்கிறீர்கள். தொழிலுக்குப் போகிறவர் விடிய மூன்று மணிக்கு எழும்புவது வழக்கம்தானே என்று விட்டுவிட்டீர்கள். ஆனால் அப்போது எழும்பியதும் தேநீர் குடித்துவிட்டுக் கடலுக்குப் போனார். இப்போது ஒரு மணிக்கே விழிப்பு வந்து, கூரையைப் பார்த்தபடி விடியும்வரை கிடக்கிறார். காலையில் வாடிய முகமும், பொழுது சாய்கையில் கொஞ்சம் தெளிவும். வழக்கத்தைவிட இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே விழிப்பதும், காலைப்பொழுது மிகக் கனமாக இருப்பதும் ஆழமான மனச்சோர்வின் குணம்.

வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது வருமானம் இல்லை, அடகுக் கடையில் நகை, கடன்காரரின் முகம். அப்போது எந்தக் குடும்பத் தலைவனுக்கும் மனம் சோரும். அது நோயல்ல. வாடை ஓய்ந்து, கடல் அமைந்து, பக்கத்துப் படகுகளெல்லாம் மீனோடு கரையேறும்போதும் ஒருவர் எழும்ப மனமில்லாமல் கிடந்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். கவலைக்கான காரணம் விலகிய பிறகும் சோர்வு விலகவில்லை. நாளின் பெரும்பகுதியும், அநேகமாக ஒவ்வொரு நாளும், இரண்டு கிழமைக்கு மேல் இப்படி இருந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். நீங்கள் பல மாதம் பொறுத்திருக்கிறீர்கள். குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கார்த்திகையிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் வைத்தியர்களாகிய நாங்கள்.

நீங்கள் கேட்ட மற்றவற்றில் மூளைக் கட்டியை விட்டுவிடுங்கள். அதைப் பற்றிய காணொளியைப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். எந்த நோயாளியையும் தொட்டுப் பார்க்காத ஒருவர் உங்கள் வீட்டுக்குள் வந்து இப்படிப் பயமுறுத்திவிட்டுப் போவது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. வைட்டமின் போத்தல்களுக்குச் செலவழிக்க வேண்டாம். தைரொயிட்டும் ஹீமோகுளோபினும் பார்த்திருக்காவிட்டால் மட்டும் ஒருமுறை பாருங்கள். அவை குறைந்தாலும் ஆள் சோர்ந்துபோவார். மாமி கோணேஸ்வரத்தில் அர்ச்சனை செய்யட்டும், நூலும் கட்டட்டும். ஆனால் அதே கிழமையில் கிளினிக்குக்கும் போக வேண்டும்.

அந்தப் பாமசிக் குளிசைக்கு வருகிறேன். பெயரைப் படித்துக் காட்டினீர்கள்: அல்பிரசோலம். வைத்தியரின் சீட்டில்லாமல் அதை விற்கவே கூடாது. தெரிந்தவர் என்ற உரிமையில் இப்படிக் கொடுப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை உணர வேண்டும். அது மனச்சோர்வை மாற்றாது. சில கிழமைகளிலேயே உடம்பு அதற்குப் பழகி, இன்னும் இன்னும் கேட்கும். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சையே தாழ்த்திவிடும். ஆனாலும் பல கிழமைகள் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். இந்த அட்டையும் வேறு வீட்டிலேயே இருக்கட்டும், அன்றன்றைக்குரியதை மட்டும் நீங்கள் எடுத்து வந்து கொடுங்கள். குடித்த இரவில் கொடுக்க வேண்டாம். எவ்வளவு போடுகிறார் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வைத்தியர் அதைப் படிப்படியாகக் குறைப்பார்.

மனச்சோர்வுக்கென்று தரும் மருந்துகள், சேற்றலின், புளுஒக்செற்றின் போன்றவை, வேறு வகை. அவை அடிமைப்படுத்துவதில்லை. குணம் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை, சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகும். முதற் கிழமையில் வயிற்றுப் பிரட்டல்தான் முன்னே வரும். "இதுவும் சரிவரவில்லை" என்று பலர் அப்போதே நிறுத்திவிடுகிறார்கள். சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். வைத்தியசாலை உளநலப் பிரிவில் உளவளத்துணையும் கிடைக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள்.

அங்கொடை என்ற பெயரைச் சொல்லித்தான் எத்தனையோ பேரைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுத்திருக்கிறோம். உங்கள் கணவரின் நோய்க்கு உள்ளூரிலேயே வைத்தியம் இருக்கிறது. உயிராபத்து என்று வைத்தியர் கருதினால் சில நாட்கள் வார்டில் வைத்திருப்பார்கள். பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்தபடியே மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் போய்வருகிறார்கள். மகளுக்கும் வருமா என்றால், தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்குச் சாத்தியம் சற்றுக் கூடும். வந்தே தீரும் என்றில்லை. அவளுடைய கலியாணப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள், அவளுக்குத் தகப்பன் உயிரோடு வேண்டும்.

கிளினிக் போகும்போது வேறு வீட்டில் கொடுத்து வைத்த குளிசைகள் எல்லாவற்றையும், பழைய பரிசோதனை அறிக்கைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தம்பியும் கூட வரட்டும். கணவர் வெளியே இருக்கும்போது ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று வைத்தியரிடம் கேளுங்கள். எஞ்சின் விஷயத்தை அவர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.