நாலரை வருடக் கணக்கு

வணக்கம் அண்ணா,

இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் நாலரை வருடம் பிந்தி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். என் ஐயா நாற்பது வருடம் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர். மூட்டை தூக்கும் நாட்டாமிமாரோடு சிங்களம், வங்கியில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ். இப்போது 74 வயது. போன வருடம் மறதி தொடங்கியது. சிங்களம் முழுக்கப் போய்விட்டது. பார்த்துக்கொள்ள வரும் சிங்களப் பெண்ணிடமும் தமிழில்தான் கத்துகிறார். சொந்தக்காரர்கள் "அறளை பேந்திட்டுது" என்று சிரிக்கிறார்கள். மூன்று மொழி தெரிந்தவருக்கே இப்படியென்றால் அந்த ஆராய்ச்சியை எப்படி நம்புவது?

சி., வெள்ளவத்தை

அன்புள்ள சி.,

பிழை என்னுடையது. பிந்தி வருகிறது என்று எழுதிவிட்டு, யாரைவிடப் பிந்தி என்று விளக்காமல் விட்டுவிட்டேன்.

ஐதராபாத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. அவர்கள் பார்த்த 648 பேருமே டிமென்ஷியா வந்தவர்கள். அதில் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்கள். ஆக, மொழி தெரிந்தால் நோய் வராது என்ற பேச்சே அங்கு இல்லை. நோய் தொடங்கிய சராசரி வயது ஒரு மொழிக்காரர்களுக்கு 61.1, மற்றவர்களுக்கு 65.6. அவ்வளவுதான். உங்கள் ஐயாவுக்கு 73இல் தொடங்கியிருக்கிறது. அதைக் காட்டி "பார்த்தீர்களா, சிங்களம் காப்பாற்றியது" என்று நான் சொன்னால் அதுவும் பொய்தான். கூட்டத்தின் சராசரியை ஒரு மனிதரின் தலையில் வைத்துப் பார்க்க முடியாது. மூன்றாவது மொழியால் கூடுதல் பலன் எதுவும் அங்கே தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐயாவின் இங்கிலீஷ் வங்கி மனேஜருக்கு மட்டும் பயன்பட்டிருக்கும்.

அல்லாடியின் வேலையில் எனக்குப் பிடித்தது அந்த நாலரை அல்ல. கனடாவில் டொரொன்டோவிலிருந்து 2007இலேயே இதே மாதிரி ஒரு முடிவு வந்திருந்தது. ஆனால் அங்கே இரண்டு மொழி பேசியவர்களில் பெரும்பாலானோர் வெளியிலிருந்து குடியேறியவர்கள். கடல் தாண்டிப் போகிறவர்கள் முதலிலேயே திடகாத்திரமானவர்களாக இருக்கலாமே என்று கேட்டால் பதில் இல்லை. ஐதராபாத்தில் தெலுங்கும் உருதும் பேச எவரும் எங்கும் குடியேற வேண்டியதில்லை, தெருவிலேயே இரண்டும் கிடக்கிறது. சரி, படிப்பால் வந்த பலனாக இருக்குமோ? பள்ளிக்கூடமே போகாத நோயாளிகளைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் வித்தியாசம் ஆறு வருடம். டொரொன்டோவில் தீர்க்க முடியாத சந்தேகத்துக்குத் தன் ஊர்த் தெருவில் பதில் இருக்கிறது என்று கண்டாரே, அதற்காகத்தான் அவரைப் பற்றி எழுதினேன். நோய் இல்லாதவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த வேறு சில ஆய்வுகளில் இந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

இனி ஐயாவின் விஷயம். அவரை எந்த மொழியில் சோதித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 1975இல் அமெரிக்காவில் உருவான, மறதியைக் கண்டறிய 30 புள்ளிக்கான ஒரு சிறு சோதனை இன்னும் உலகமெங்கும் ஓடுகிறது. திகதி கேட்பார்கள், ஒரு வசனம் எழுதச் சொல்வார்கள். இப்போது என்ன பருவகாலம் என்றும் அதில் கேள்வி உண்டு. கொழும்பில் அதற்கு யாரால் விடை சொல்ல முடியும்? என் பெரியம்மாவை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோது சிங்களத்தில் திகதி கேட்டார்கள். நான் மொழிபெயர்த்தேன். "ஆவணி மாதம், ஏகாதசி" என்றார். சரியான விடை. புள்ளி கிடைக்கவில்லை. இந்த மாதிரிச் சிக்கலுக்காகத்தான் சோதனைகளை உள்ளூர் மொழிகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைக்கிறார்கள். வெறும் மொழிபெயர்ப்பு போதாது.

அதனால் அடுத்த முறை தமிழ் தெரிந்த வைத்தியரைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நீங்கள் பக்கத்தில் இருந்து மொழிபெயருங்கள், ஆனால் விடையை எடுத்துக் கொடுக்காதீர்கள் (நான் கொடுத்தேன், பிறகுதான் வெட்கப்பட்டேன்). காதையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். சரியாகக் கேட்காதவருக்குக் குழப்பம் இரட்டிப்பாகும்.

பிந்திக் கற்ற மொழி முந்தி நழுவுவது பலரிடம் காணப்பட்டதுதான். ஐயா பிடிவாதத்தால் சிங்களம் பேசாமல் இருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தண்ணி, சாப்பாடு, நோகுதா, வாங்கோ என்று பத்துச் சொல் எழுதிக் கொடுங்கள், சிங்கள எழுத்தில். ஐயா கத்துவது குறைகிறதா என்று ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.